தாமதத்தை நிறுக்கும் தராசு

புகழனைத்தும் அகில உலகங்களையும் படைத்துக் காத்துவரும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய இறுதித் தூதராம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் சலவாத்தும் சலாமும் உண்டாவனவாக.

 

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கி வரும்போது, கடைத்தெருவில் நெடுங்காலமாகத் தொழில் நடத்திவரும் சகோதரர் ஒருவர் நம் கையைப் பற்றி ஓரமாக அழைத்துச் சென்றார். "காக்கா, கோர்ட்டுக்குப் போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது. கூட்டுக் கடைக் கணக்கு வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் உண்டா? நீங்களே சொல்லுங்கள்" என்றார். குரல் தழுதழுத்தது. பார்க்கவே நமக்கு வருத்தமாக இருந்தது.

ஆயினும் நாம் அவரிடம் ஒரு கேள்வி கேட்டோம். "தம்பி, தினமும் இராத்திரி கல்லாவை எண்ணி, ஒரு காசு குறைந்தாலும் எங்கே போயிற்று என்று தேடாமல் கடைக் கதவைச் சாத்தமாட்டீர்கள். அந்த ஏழு வருஷத்தில் எத்தனை மாதம் யார் பற்றில் எழுதவேண்டியது என்று ஒரு நாளாவது கணக்குப் பார்த்தீர்களா?" அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் கட்டுக் காகிதத்தோடு வந்தார். அவற்றை இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தோம். என்ன கண்டோம் என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வழக்கு தாமதமாகிறது என்பது கண்ணால் காணும் விஷயம். அந்தத் தாமதம் நியாயமற்றதா என்பது நிறுத்துப் பார்த்து அறியும் விஷயம். எதைக் கொண்டு நிறுப்பது?

சகோதரர்களே! அவசரமும் அநியாயம், தாமதமும் அநியாயம் என்பதை நம் மார்க்கம் ஒருங்கே கற்பிக்கிறது. நபி தாவூத் (அலை) அவர்களிடம் வழக்காளிகள் இருவர் வந்த வரலாறு திருமறையில் இருக்கிறது. ஒருவரிடம் தொண்ணூற்றொன்பது ஆடுகள். மற்றவரிடம் ஒரே ஓர் ஆடு. அந்த ஒன்றையும் கேட்கிறார் என்று முறையிட்டவரின் பேச்சைக் கேட்டதும் தாவூத் நபியவர்கள் கருத்தைச் சொல்லிவிட்டார்கள். பின்னர் இது தமக்கு வந்த சோதனை என உணர்ந்து, அல்லாஹ்விடம் மன்னிப்பு வேண்டிச் சிரம் பணிந்தார்கள். மறுதரப்பைக் கேளாமுன் சொல்லிவிட்டதே இங்குள்ள படிப்பினை என்று விரிவுரையாளர் பலர் எழுதியிருக்கிறார்கள். ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களை யமன் தேசத்துக்கு நீதிபதியாக அனுப்பிய வேளையில், ஒருவர் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்புக் கூறலாகாது, எதிரியின் சொல்லையும் கேட்டாக வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தி அனுப்பினார்கள். ஆகவே இரு தரப்பையும் கேட்பதற்கு ஆகும் காலம் நீதியின் செலவு. அதைக் குறை கூறுவதற்கில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். நபி யூசுப் (அலை) அவர்கள் செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருந்தார்கள். விடுதலையாகிப் போன தோழனிடம், உன் எஜமானிடம் என்னைப் பற்றிச் சொல் என்று சொல்லியனுப்பினார்கள். அவனோ மறந்துபோனான். அந்த மறதியினால் சில ஆண்டுகள் அவர்கள் சிறையிலேயே கிடக்க நேர்ந்தது. பிறகு கனவுக்கு விளக்கம் தேடிய அரசன், அவர்களை அழைத்துவரச் சொன்னான். சிறைக் கதவு திறந்துவிட்டது. அப்போதும் அவர்கள் உடனே வெளியே வரவில்லை! கைகளை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் சங்கதியை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள் என்று தூதனைத் திருப்பியனுப்பினார்கள்.

இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். மறதியிலே கழிந்த ஆண்டுகள் ஒரு வகை. விசாரணைக்காக அவர்கள் தாமே கேட்டு வாங்கிய காலம் இன்னொரு வகை. இரண்டும் அதே சிறையில், அதே கம்பிகளுக்குப் பின்னால் கழிந்தவைதாம். எனினும் ஒன்று அநீதி, மற்றது நீதி. நாள்காட்டியைப் பார்த்து இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. என்ன நடந்தது என்று பார்த்தால்தான் பிரிக்க முடியும். நாம் தேடும் தராசு இதுவே.

இந்தப் பிரச்னை இன்று உலகத்தார் அனைவருக்கும் பொதுவானது. ஒரு நாட்டில் அநீதிக்கு ஆளானவர் சர்வதேச மன்றத்தின் கதவைத் தட்ட விரும்பினால், முதலில் தம் உள்நாட்டுக் கோர்ட்டுகளின் வழியெல்லாம் நடந்து முடித்திருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். வீட்டில் தீர்க்கக் கூடியதைத் தெருவுக்குக் கொண்டுபோகலாகாது. ஆனால் அந்த வழி முடியவே முடியாதபடி இழுத்துக்கொண்டு போனால்? அதற்கும் விலக்கு வைத்தார்கள். 1966-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்று, 1976-ல் அமலுக்கு வந்த உடன்படிக்கை ஒன்று, உள்நாட்டுப் பரிகாரங்கள் நியாயமற்ற முறையில் நீண்டுபோனால் அவை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லுகிறது. அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1969-ல் செய்துகொண்ட மனித உரிமை உடன்படிக்கையிலும், ஆப்பிரிக்க நாடுகள் 1981-ல் ஏற்ற சாசனத்திலும் இதே விலக்கு உண்டு. மலேசியாவும் சிங்கப்பூரும் மேற்சொன்ன ஐ.நா. உடன்படிக்கையில் சேரவில்லையாதலால், நம்மவர் அவ்வழியே மனுப் போட இயலாது. என்றாலும் அவர்கள் தாமதத்தை நிறுக்கக் கையாளும் படிக்கற்களை நாம் எடுத்துப் பார்ப்பதற்குத் தடையில்லை.

அக்கற்களை நன்கு தேய்த்துச் சரிசெய்தது பிரான்ஸ் நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். 1950-ல் ரோமாபுரியில் கையொப்பமான ஐரோப்பிய உடன்படிக்கையின் ஆறாவது ஷரத்து, ஒவ்வொருவர் வழக்கும் நியாயமான காலத்துக்குள் விசாரிக்கப்பட வேண்டும் என்கிறது. நியாயமான காலம் என்றால் எத்தனை ஆண்டு? ஷரத்தில் எண் இல்லை. அந்த நீதிமன்றமும் எண் சொல்லவில்லை. நான்கு கேள்விகளைக் கேட்டது.

முதற் கேள்வி: வழக்கு எப்படிப்பட்டது? சாட்சி பலர், கணக்கு பல, வாரிசுகள் பல ஊர்களில் என்றால் காலம் ஆகத்தான் செய்யும். ஒரு கைமாற்றுக் கடன் வழக்குக்கும், மூன்று தலைமுறைச் சொத்துப் பாகப்பிரிவினைக்கும் ஒரே அளவுகோல் ஆகாது.

இரண்டாம் கேள்வி: முறையிடுபவர் தாமே என்ன செய்தார்? சட்டம் தந்த அப்பீல் உரிமைகளைப் பயன்படுத்தியதற்காக அவரை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அதற்கு ஆன காலத்தை அரசாங்கத்தின் பற்றிலும் எழுதமாட்டார்கள். வக்கீலை மாற்றி மாற்றி வாய்தா வாங்கியிருந்தால் அதுவும் கணக்கில் ஏறும். 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு குற்ற வழக்கில் இத்தகைய தராசு ஒன்றை வகுத்தபோது, விரைவாக விசாரியுங்கள் என்று அவர் வாய் திறந்து கேட்டாரா என்பதையும் ஒரு கல்லாகச் சேர்த்தது.

மூன்றாம் கேள்வி: கோர்ட்டும் அதிகாரிகளும் என்ன செய்தார்கள்? கட்டு அசைந்ததா, அலமாரியில் கிடந்ததா?

நான்காம் கேள்வி: காத்திருக்கும் காலத்தில் அவருக்கு அழிந்துபோவது என்ன?

இக்கேள்விகளை அந்த நீதிமன்றம் எப்படிக் கையாண்டது என்பதற்குச் சில வழக்குகளைச் சொல்லுவோம்.

ஜெர்மனியில் ஒரு மருத்துவர். மருத்துவமனை நடத்தும் அனுமதியும், வைத்தியம் செய்யும் உரிமையும் பறிக்கப்பட்டதை எதிர்த்து அந்நாட்டு நிர்வாகக் கோர்ட்டுக்குப் போனார். 1967-ல் தொடங்கிய வழக்கு பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. இழுபறியில் அவருடைய பங்கும் இருக்கிறது என்று ஸ்திராஸ்பூர்க் நீதிபதிகள் மறைக்காமல் சொன்னார்கள். எனினும் பிரதான காரணம் கோர்ட்டு வழக்கை நடத்திய விதமே என்று 1978-ல் தீர்ப்பளித்தார்கள். அதாவது, வழக்காளியிடம் குறை இருக்கிறது என்பதற்காகக் கோர்ட்டின் குறை மாய்ந்துவிடாது. இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும்.

இனி இரண்டு வழக்குகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் வேலையினின்று நீக்கப்பட்ட ஒருவரின் வழக்கு, மூன்று படிக் கோர்ட்டுகளில் ஏறி இறங்கி ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவாக நடந்தது. 1981-ல் ஸ்திராஸ்பூர்க் நீதிமன்றம், இதில் உடன்படிக்கை மீறப்படவில்லை என்றது. அப்போது தொழில் மந்தத்தினால் தொழிலாளர் வழக்குகள் திடீரெனக் குவிந்தன. அதைச் சமாளிக்க அரசாங்கம் முயற்சி எடுத்துக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தில் ஜூரிக் விமான நிலையத்தின் இரைச்சலுக்கு நஷ்டஈடு கேட்ட இருவரின் வழக்கோ, அந்நாட்டு உயர் கோர்ட்டில் சுமார் மூன்றரை ஆண்டுதான் கிடந்தது. 1983-ல் அதே நீதிமன்றம், இது மீறல் என்றது! ஏன்? வேலைப் பளு என்பதுதான் அங்கும் சொல்லப்பட்ட சமாதானம். ஆனால் அந்தப் பளு ஆண்டுக்கணக்காக ஏறிக்கொண்டே வந்தது. அதற்கேற்ற ஏற்பாடு செய்யப்படவில்லை. திடீரென வந்த வெள்ளத்துக்கு மன்னிப்பு உண்டு. வருஷா வருஷம் வரும் வெள்ளத்துக்குக் கரை போடாதவருக்கு மன்னிப்பு இல்லை. ஐந்தாண்டு தப்பியது, மூன்றரை ஆண்டு மாட்டிக்கொண்டது. எண்ணை மட்டும் வைத்து நியாயம் பேசலாகாது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நான்காம் கேள்வியின் கனத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பிரான்ஸில் இரத்தம் ஏற்றியதால் எய்ட்ஸ் நோய்க்கிருமி தொற்றிய ஒருவர் நஷ்டஈடு கேட்டார். கோரிக்கை வைத்தது முதல் பாரிஸ் நிர்வாகக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லும்வரை இரண்டாண்டுக்குச் சற்று மேல் ஆயிற்று. பிறருக்கு அது பெரிய தாமதமே அன்று. ஆனால் வாழ்நாள் எண்ணப்பட்டுவிட்ட ஒருவருக்கு? 1992 மார்ச்சில் ஸ்திராஸ்பூர்க் நீதிமன்றம், இது நியாயமான காலத்தைக் கடந்துவிட்டது என்று சொன்னது. அதைக் கேட்க அவர் இல்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இறந்துபோயிருந்தார். 1987-ல் பிரிட்டனிலிருந்து வந்த வழக்கு, தன் பிள்ளையைப் பார்க்க உரிமை கேட்ட ஒரு தாயினுடையது. இரண்டாண்டு ஏழு மாதம் நடந்தது. பிள்ளைக் காரியத்தில் காலம் கடந்தால், நீதிபதி சொல்லுமுன் காலமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது என்பதைக் கருதி, அத்தாமதத்தையும் அந்நீதிமன்றம் ஏற்கவில்லை.

தீர்ப்புக் கையில் வந்துவிட்டால் கணக்கு முடிந்ததா? அதுவும் இல்லை. கிரீஸ் நாட்டின் ரோட்ஸ் தீவில் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளி நடத்த அனுமதி கேட்ட தம்பதிக்கு அந்நாட்டுக் கோர்ட்டு சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதிகாரிகள் ஐந்தாண்டுக்கு மேல் அதை நிறைவேற்றவில்லை. தீர்ப்பை நிறைவேற்றுவதும் வழக்கின் ஓர் அங்கமே என்று 1997-ல் ஸ்திராஸ்பூர்க் நீதிமன்றம் சொன்னது. டிக்ரி வாங்கி வைத்துக்கொண்டு பணத்துக்கு நடையாய் நடக்கும் நம் வியாபாரிகளுக்கு இதன் அருமை புரியும்.

நம்மில் பலரின் பூர்வீகமான இந்தியாவிலும் இத்தகைய விழிப்பு ஏற்பட்டது. பீகார் சிறைகளில், விசாரணையே முடியாமல், அவர்கள் மீதுள்ள குற்றத்துக்குச் சட்டம் விதிக்கக் கூடிய முழுத் தண்டனைக் காலத்தைவிட அதிக நாள் அடைபட்டிருந்த ஏழைகளின் செய்தி பத்திரிகையில் வந்தது. 1979-ல் ஹுசைனாரா காத்தூன் என்னும் பெண்மணியின் பெயர் தாங்கிய வழக்கில், விரைவான விசாரணை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து தரும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யூசுப் நபியவர்களை மறந்த அந்தத் தோழனின் மறதி, எந்தக் காலத்திலும் எந்தத் தேசத்திலும் இருக்கத்தான் செய்கிறது.

நிற்க. நம் சகோதரரின் காகிதக் கட்டுக்கு வருவோம்.

ஏழு வருஷம் என்றால் 84 மாதம். கணக்குப் புத்தகங்களைப் பரிசோதிக்கவும் சாட்சிகளைக் கேட்கவும் ஆன காலம் சுமார் 20 மாதம். அது விசாரணைக் காலம். எதிராளி சாக்குச் சொல்லி வாங்கிய வாய்தாக்கள் 14 மாதம். எவ்வித அசைவுமின்றிக் கட்டு கிடந்த காலம் 31 மாதம். மிச்சம் 19 மாதம் யாருடையது? நம் சகோதரருடையதே! இருமுறை வக்கீலை மாற்றியிருக்கிறார். மகள் கலியாணத்துக்கு ஊருக்குப் போன வகையில் ஒரு வாய்தா. ஊரிலிருந்து திரும்பத் தாமதமான வகையில் இன்னொன்று. கேட்ட பேரேட்டைக் கொடுக்காமல் கடத்திய மாதங்கள் வேறு. எழுதிக் காட்டியபோது அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் என் முறையீடு பொய்யா, காக்கா?" என்று கேட்டார்.

"பொய்யில்லை, தம்பி. அந்த 31 மாதம் மெய்யான அநீதி. எதிராளி இழுத்தபோது கண்டிக்காமல் விட்டதிலும் கோர்ட்டுக்குப் பங்குண்டு. ஆனால் ஏழு வருஷம் என்று நீங்கள் சொன்னதில் உங்கள் பற்றும் கலந்திருக்கிறது. உங்கள் பற்றை நீங்களே கழித்துவிட்டு மீதியைக் கேளுங்கள். அப்போது உங்கள் சொல்லுக்குக் கனம் வரும்" என்றோம். சீக்கிரம் விசாரிக்கக் கோரித் தேதிவாரியாக மனு எழுதும்படி அவருடைய வக்கீலிடம் சொல்லச் சொன்னோம். அதுவரை ஒரு முறைகூட அவர் அப்படிக் கேட்டதில்லை.

இவ்வளவும் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, அன்றிரவு நாம் உறங்கவில்லை. பிறர் கணக்கை நிறுத்த தராசு நம் கையிலேயே இருந்தது. அதில் நம்மையும் வைத்துப் பார் என்று உள்ளம் இடித்தது. ஆகவே, வெட்கத்தோடு ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ளுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மளிகைக் கடைப் பங்காளி ஒருவர் திடீரென மௌத்தானார். அன்னாரின் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். இத்தா முடிந்ததும் அந்த அம்மையார், பிறர் உதவியால் ஒரு கடிதம் எழுதியனுப்பினார். அண்ணன்மார்களே, கடையில் என் பிள்ளைகளுக்குள்ள ஹக்கு எவ்வளவென்று பார்த்துச் சொல்லுங்கள் என்பதே அதன் சாரம். கோர்ட்டு வேண்டாம், நாமே முடித்துத் தருவோம் என்று பெருமையாகப் பொறுப்பேற்றோம். மற்றப் பங்காளி, சரக்கு இருப்பு எடுக்க ஒரு மாதம் தவணை கேட்டார். கொடுத்தோம். பிறகு ரமலான் வந்தது. பிறகு ஹஜ்ஜுக் காலம். பிறகு நிர்வாகத் தேர்தல். பிறகு ஒருவர் பயணம், ஒருவர் சுகவீனம். கடிதம் வரும்போதெல்லாம் பொறுமையாக இருங்கள் அம்மா என்று பதில் எழுதினோம். இப்படியே 28 மாதம் போயிற்று.

கடைசியில் உட்கார்ந்தபோது எத்தனை அமர்வில் முடிந்தது தெரியுமா, சகோதரர்களே? மூன்றே அமர்வில்!

அதற்குள் கடைச் சரக்கு புரண்டுவிட்டது. வெளியில் நின்ற பாக்கிகள் வராக்கடனாகிவிட்டன. கடைக் குத்தகையும் கைமாறிவிட்டது. ஊருக்கு அனுப்பிய தொகை, முதல் மாதத்தில் முடித்திருந்தால் போயிருக்கக் கூடியதில் பாதிகூட இராது. தொகை போய்ச் சேருமுன் மூத்த பையன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

அந்த நான்கு கேள்விகளையும் இப்போது நம்மிடமே கேட்டுப் பார்க்கிறோம். காரியம் சிக்கலானதா? ஒரு கடை, இரண்டு பங்காளி, மூன்று அமர்வு. அந்த அம்மையார் தாமதித்தாரா? கேட்ட கையெழுத்தையெல்லாம் அடுத்த தபாலிலேயே அனுப்பினார். பொறுப்பேற்றவர்கள் என்ன செய்தார்கள்? மறந்தார்கள். காத்திருந்த காலத்தில் அழிந்தது என்ன? ஒரு பிள்ளையின் படிப்பு. தீர்ப்பு யார் மேல் விழுகிறது? நம் மேல்தான். எந்தக் கோர்ட்டையும் குறை கூற நமக்கு அன்று வாயில்லை. பொறுமை என்பது துன்பப்படுபவர் அல்லாஹ்வுக்காக மேற்கொள்ளும் நற்குணம். துன்பத்தைக் கொடுப்பவர் அதை உபதேசம் செய்வது பெரும் துணிச்சல். அந்தத் துணிச்சலை நாம் 28 மாதம் செய்தோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

கடனைத் தீர்க்க வசதியிருந்தும் தவணை சொல்லி இழுப்பது அநியாயம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மெய்யாகவே கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி திருமறை பணிக்கிறது. இங்கும் அதே தராசுதான். இல்லாதவனுக்குத் தவணை இரக்கம். இருப்பவனின் தவணை அநியாயம். வக்கீலுக்குப் பீஸ் கொடுத்து, கொடுக்க வேண்டிய கடனுக்கு வாய்தாமேல் வாய்தா வாங்கி, அதைத் தொழில் சாமர்த்தியம் என்று காப்பிக் கடையில் பேசிக்கொள்ளுவோர் நம்மில் இல்லையா? கோர்ட்டு கொடுத்த வாய்தா கியாமத்து நாளில் செல்லுபடியாகும் என்று எண்ணவேண்டாம். அங்கே பேரேட்டை எழுதுபவர்கள் வேறு.

கலீபா உமர் (ரலி) அவர்கள், அபூ மூஸா அல் அஷ்அரி (ரலி) அவர்களுக்கு நீதி பரிபாலனம் பற்றி எழுதியதாக வழங்கிவரும் புகழ்பெற்ற கடிதத்தில் நமக்கு வழிகாட்டும் ஓர் அறிவுரை உண்டு. ஆதாரம் வேறிடத்தில் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு ஒரு தவணை குறிக்க வேண்டும். அதற்குள் கொண்டுவந்தால் அவருடைய உரிமையைப் பெற்றுக்கொடுக்க வேண்டும். கொண்டுவராவிட்டால் அவருக்கு எதிராக முடிக்க வேண்டும். இதில் கேட்பவருக்கு அவகாசமும் இருக்கிறது. அவகாசத்துக்கு முடிவும் இருக்கிறது. எல்லையுள்ள தவணை நீதியின் ஒரு பகுதி. எல்லையில்லாத தவணை தீர்ப்பையே மறுப்பதாகும்.

ஆகவே, அன்பர்களே, நான்கு காரியங்களை வேண்டிக்கொள்ளுகிறோம்.

ஒன்று: வழக்கு நடத்துபவர்கள் அதற்கென ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாய்தாவும் என்று, யார் கேட்டு, எக்காரணத்தால் என்று அன்றைக்கே எழுதுங்கள். தாமதம் அநியாயமா என்ற கேள்வி வரும்போது அந்தப் புத்தகம் பேசும்.

இரண்டு: பிறர் மேல் குறை சொல்லுமுன் உங்கள் பற்றைக் கழியுங்கள். மீதியைத் தயங்காமல் கேளுங்கள். விரைவாக விசாரிக்கும்படி மரியாதையாக, எழுத்தில் கேட்பது கோர்ட்டை அவமதிப்பதாகாது.

மூன்று: சங்கத்திலும் ஜமாஅத்திலும் மத்தியஸ்தம் ஏற்பவர்கள் முதல் நாளிலேயே முடிவுத் தேதியைக் குறித்துவிடுங்கள். ஒத்திவைப்பதானால் காரணத்தை எழுதி, காத்திருப்பவருக்குத் தெரிவியுங்கள். காத்திருப்பவர் விதவையா, அனாதையா, நோயாளியா என்று பார்த்து, அவர்கள் காரியத்தை முன்னே எடுங்கள்.

நான்கு: தகராறு இல்லாத தொகையைத் தகராறு தீரும்வரை நிறுத்தி வைக்காதீர்கள். ஆயிரத்தில் இருநூறுக்குத்தான் சண்டை என்றால், எண்ணூறை இன்றே கொடுத்துவிடுங்கள்.

இப்போது எங்கள் மத்தியஸ்தப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் அந்த அம்மையாரின் முதற் கடிதத்தை ஒட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் அதைத் திறந்த பிறகே அன்றைய காரியத்தைத் தொடங்குகிறோம். போன 28 மாதத்தை அது திருப்பித் தராது. இனி வருபவருக்காவது காவலாக இருக்கட்டும்.

யா அல்லாஹ்! தீர்ப்புச் சொல்லுவோருக்கு இரு தரப்பையும் கேட்கும் பொறுமையைத் தந்தருள்வாயாக. கேட்டு முடித்தபின் தாமதியாத துணிவையும் தந்தருள்வாயாக. காத்திருப்போரை மறவாத நெஞ்சை எங்களுக்குத் தந்தருள்வாயாக. பிறருடைய ஹக்கு எங்கள் கல்லாவில் ஓர் இரவும் தங்காமல் எங்களைக் காத்தருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.